பெல்ட் போட்ட முட்டி

பார்த்தா. இல்ல, பார்க்கல. பார்க்காம இருப்பாளா, ஜெனோவாவாச்சே, ஒருத்தியோட ஷூ எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு பார்த்தே அவளுக்கு எந்தக் கால் பலம்னு சொல்லிருவா. பாஸ்கெட்பால் மேட்ச் தொடங்குறதுக்கு முன்னால ரெண்டு டீமும் வரிசையா கை குடுத்துட்டு வரும்போது, எதிர் டீம் கோச்சா கடைசில நின்னவ என் கையப் பிடிச்சு, "என்னட்டி முப்பி, சொகமா இருக்கியா"ன்னா. "ஏதோ இருக்கேன்ட்டி"ன்னேன். அப்பதான் அவ கண்ணு கீழ போச்சு. என் வலது முட்டியில மாட்டியிருக்கற கருப்பு பெல்ட்டுக்குப் போச்சு. அது வரைக்கும் நிச்சயம். அதுக்கப்புறம் இடது முட்டிக்கு வந்துச்சா, வரலையா. வந்து ஒரு நொடி நின்னுச்சா, இல்ல எனக்குப் பின்னால நின்ன சுகிர்தாவுக்குக் கை குடுக்கத் திரும்புறப்ப சும்மா தாண்டிப் போச்சா. மூணு குவார்ட்டர் முடிஞ்சு நாலாவதும் பாதி ஓடிருச்சு, நான் இந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கிட்டு அந்த ஒரு நொடியையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துட்டு இருக்கேன். ஏன்னா இந்த மைதானத்துல இருக்கற அத்தனை பேருக்கும் தெரியாத ஒன்னு அவ ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்கும். பெல்ட் போட்ட முட்டி நல்ல முட்டி. போடாத முட்டிதான் போயிருச்சு. எங்க கோச் ஞானதுரை சாருக்குத் தெரியாது, வெளியூர் மேட்ச்சுன்னா கூடவே ரூம்ல படுக்கற சுகிர்தாவுக்குத் தெரியாது, எங்கம்மாவுக்குத் தெரியாது. மூணு மாசமா ஒருத்தருக்கும் தெரியாம காப்பாத்திட்டேன், இப்ப இவ வந்து எதிர்ல நிக்கறா.

என்ன வெயில்டா சாமி. சாயங்காலம் நாலு மணிக்குக் கூட சிமெண்ட் தரை கொதிக்குது, ஷூவுக்குள்ள பாதம் வேகுது. பொம்பளைங்க மேட்ச்சுன்னா எப்பவும் இந்த நேரம்தான், ஆம்பளைங்களுக்கு மட்டும் வெயில் தாழ்ந்து லைட் போட்டு நடத்துவானுங்க. மைக்காரர் விடாம கத்துறார், "ரசிகப் பெருமக்களே, ஒன்பது புள்ளிகள், ஒன்பதே ஒன்பது புள்ளிகள் வித்தியாசத்தில்", அய்யா, கொஞ்சம் வாய மூடுங்களேன், ஒன்பது பின்னால இருக்கறது நாங்க, எங்களுக்குத் தெரியாதா. ஒன்பது எனக்குக் கவலை இல்ல. நாலுதான் கவலை. சுகிர்தாவுக்கு நாலு ஃபவுல். என் இடத்துல ஆடறவ அவதான், இருபத்துமூணு வயசு, நல்லா ஆடறா, ஆனா கைய அடக்கத் தெரியாது. இன்னொரு தடவை யாரையாவது தட்டிட்டான்னா அஞ்சு, வெளிய வரணும். வந்தா உள்ள போக வேண்டியது நான். வேற ஆள் இல்ல. ஏய், கைய மேல தூக்குடி, தட்டாத, தட்டாத... அப்பாடா. நான் இப்ப எதுக்குப் பயப்படறேன், அவ தட்டிருவாளோன்னா, இல்ல தட்டாமலே ஆட்டம் முடிஞ்சிருமோன்னா? நெசமா சொல்லுடி முப்பிடாதி. உள்ள போனா முட்டி போகும். போகலைன்னா, முப்பத்துநாலு வயசுல மேட்ச் பூரா சேர்ல உக்காந்திருந்தவ பேர நேஷனல்ஸ் லிஸ்ட்ல எவன் எழுதுவான். லிஸ்ட்ட இந்த டோர்னமெண்ட் முடிஞ்சதும் சார் போடப் போறார். சார் சட்டைப் பையில அந்தப் பேப்பர் மடிச்சு இருக்கறது எனக்கு இங்கருந்து தெரியுது. இடது கால நீட்டுனா வலிக்குது, மடக்குனா உள்ள ஏதோ சிக்குது. மடக்கியும் மடக்காமலும் வச்சிருக்கேன். பக்கத்துல இருக்கற பிள்ளை "அக்கா, ஏன் இப்படி நெளியறீங்க"ங்குது. சேர் சுடுதுன்னேன்.

அந்த வேலைய கண்டுபிடிச்சதே ஜெனோவாதான். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல நாங்க பத்தாவது படிக்கும்போது. நான் சங்கரன்கோவில் பக்கம், அவ நாகர்கோவில், ரெண்டு பேருக்கும் அடுத்தடுத்த கட்டில். மாவட்டப் போட்டி ஃபைனலுக்கு மொத நாள் படியில தவறி விழுந்து அவ இடது கணுக்கால் வீங்கிப் போச்சு. சொன்னா சார் எடுத்துருவார். ராத்திரி பூரா அழுதா, விடிஞ்சதும் பார்த்தா கிரேப் பேண்டேஜை எடுத்து வலது கணுக்கால்ல சுத்திட்டு இருக்கா. "ஏட்டி லூசு, நொண்டுறது அந்தக் கால்லா"ன்னேன். "எளவே, மெதுவா பேசு"ன்னா. "கட்டு எங்க இருக்கோ அங்கதான் அடிப்பாளுவ. நல்ல கால்ல அடிக்கட்டும், நான் தாங்கிக்கிடுவேன்." அப்படியே நடந்துச்சு. எதிர் டீம் மொத்தமும் அவ வலது பக்கமாவே மோதுச்சு, அவ மரம் மாதிரி நின்னா, ஜெயிச்சோம். கப்ப தூக்கிட்டு வந்து கக்கூஸ்ல கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் வாயப் பொத்தி சிரிச்ச சிரிப்பு இருக்கே, இன்னைக்கு நெனச்சாலும் வயிறு வலிக்குது. அதுக்கப்புறம் எங்களுக்குள்ள அது சட்டம் மாதிரி ஆயிருச்சு. எவளுக்கு எங்க அடிபட்டாலும் கட்டு அடுத்த பக்கம். அவ தோளுக்கு, என் மணிக்கட்டுக்கு, அவ முட்டிக்கு. கூட ஆடற பிள்ளைகளுக்குக் கூடச் சொன்னதில்ல. அப்புறம் அவளுக்குக் கேரளாவுல வேலை கெடச்சுப் போயிட்டா, எனக்கு இங்க கெடச்சுது. போன் பேசுறது கொறஞ்சுது, கல்யாணத்துக்குப் போனேன், ரெண்டாவது பிள்ளைக்குப் போகல. அவ ஆடறத விட்டே ஆறு வருஷம் ஆச்சு. ஆறு வருஷம் வெளிய நின்னு அடுத்தவங்க காலையே பார்த்துட்டு இருக்கறவ. அவளா மறந்திருப்பா.

நான் மறந்திருந்தா நல்லாருந்திருக்கும். ஜூன் மாசம் பிராக்டிஸ்ல குதிச்சு இறங்கும்போது இடது முட்டிக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டுச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம, யோசிக்கக்கூட இல்லாம, கையி தானா பைக்குள்ள போயி பெல்ட்ட எடுத்து வலது முட்டியில மாட்டிருச்சு. இருபது வருஷப் பழக்கம். மாட்டுனப்புறம்தான் மாட்டிக்கிட்டது புரிஞ்சுது. பெல்ட்டப் பார்த்த எங்க பிசியோ தாட்சாயணி, பாவம், நல்ல பிள்ளை, "அக்கா கால நீட்டுங்க"ன்னு அன்னையிலருந்து தினமும் வலது முட்டிக்கு ஐஸ் வைக்குது, எண்ணெய் போட்டு நீவுது, "இன்னைக்கு வீக்கமே இல்லக்கா, நல்லா கேக்குது"ன்னு சந்தோஷப்படுது. கேக்காம என்ன, அதுக்கு ஒன்னுமே இல்லையேம்மா. இந்தியாவுலயே இவ்வளவு கவனிப்பு வாங்குன நல்ல முட்டி இதுவாத்தான் இருக்கும். இடது முட்டிக்கு வீட்டுல, அம்மா கோயிலுக்குப் போன நேரமாப் பார்த்து, ஃபிரீசர்ல கெட்டியான பால் பாக்கெட். வருஷா வருஷம் நடக்கற மெடிக்கல்ல டாக்டர் பெல்ட்டக் கழட்டச் சொல்லி அந்த முட்டிய முன்ன பின்ன ஆட்டிப் பார்த்துட்டு, "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இது"ன்னார். "பயத்துக்கு சார்"ன்னேன். சிரிச்சுக்கிட்டே ஃபிட்னு எழுதிக் குடுத்துட்டார். போன மாசம் லீவு போட்டு மதுரைக்குப் போயி யாருக்கும் தெரியாம ஸ்கேன் எடுத்தேன். அந்த டாக்டரம்மா படத்தப் பார்த்துட்டு என்னைப் பார்த்த பார்வை. "ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா. அடிபட்ட உடனே வந்திருந்தா தைச்சு சரி பண்ணியிருக்கலாம், ஆட்டமெல்லாம் ஆடியிருக்கலாம். இதோட ஓடிக் குதிச்சு மறுபடியும் ஒரு தடவை பெரண்டுச்சுன்னா மாடிப்படி ஏற மாட்டீங்க." உடனே வந்திருந்தா. அந்த ஒரு வார்த்தைய பஸ்ல வரும்போது மதுரையிலருந்து ஊரு வரைக்கும் மென்னுக்கிட்டே வந்தேன். ஊரை ஏமாத்துறேன்னு நெனச்சு நான் ஏமாத்துனது யாரை.

சரி, விட்டுரலாம். விட்டுட்டு? காலையில பத்து மணிக்குப் போயி ஆபீஸ்ல உக்காரணும். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை, பன்னெண்டு வருஷமா சம்பளம் வாங்குறேன், இன்னும் எனக்கு அங்க ஒரு வேலையும் தெரியாது, கையெழுத்துப் போட்டுட்டு பிராக்டிஸுக்கு ஓடிருவேன். "வாங்க பிளேயர் மேடம்"னு சிரிப்பாங்க. விளையாடி முடிச்ச சீனியருங்க அங்கதான் இருக்காங்க. மலர்க்கொடியக்கா தபால் செக்சன்ல இருக்கு, ஒரு காலத்துல அந்தக்கா பந்தோட வந்தா எதிர்ல நிக்கப் பயமா இருக்கும், இப்ப கவர் ஒட்டுது, என்னையப் பார்த்தா "இன்னுமாடி ஆடற"ங்குது. அது பொறாமையா, பரிதாபமா, இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. எனக்கு வேற என்ன தெரியும். ஆறாம் வகுப்புல பி.டி. சார் எங்க லைன்ல வந்து "இந்தப் பிள்ளை யாரு, கொக்கு மாதிரி"ன்னு கேட்டார், அன்னையிலருந்து இந்த ஒசரத்துக்கு ஒரு அர்த்தம் வந்துச்சு. அதுவரைக்கும் வீட்டுல வசவுதான், நெலைப்படியில இடிச்சா வசவு, பாவாடை எட்டலைன்னா வசவு. பொண்ணு பார்க்க வந்தப்பெல்லாம் அம்மா "கொஞ்சம் குனிஞ்சு வாட்டி"ன்னு கெஞ்சும். ஒருத்தன் அளவெடுக்கவே வந்தவன் மாதிரி பக்கத்துல நின்னு பார்த்துட்டு, போயி லெட்டர் போடறேன்னான், போன் இருக்கற காலத்துல. குனியாம நிக்கறதுக்கு எனக்குன்னு இந்த உலகத்துல ஒரே ஒரு எடம்தான் இருந்துச்சு, இருபத்தெட்டுக்குப் பதினஞ்சு மீட்டர். அதுலருந்து வெளிய வந்தா நான் யாரு. தபால் செக்சன்ல ஒரு நெட்டச்சி. ஐயோ, அழுகை வருது, சீ, மூஞ்சியத் துடைச்சுக்கோ, வேர்வைன்னு நெனச்சுக்குவாங்க.

விசில். தட்டிட்டா. மூதேவி, தட்டியே தட்டிட்டா! ரெஃப்ரி அஞ்சு விரலை விரிச்சுக் காட்டுறார், சுகிர்தா தலையில கைய வச்சுட்டு வர்றா, மைக்காரர் "பதினோராம் எண் வீராங்கனை வெளியேறுகிறார்"னு ராகம் போடறார். சார் என்னைப் பார்க்கறார். "முப்பி, முட்டி எப்படி இருக்கு, மூணு நிமிஷம் தாங்குமா?" தாங்கும் சார்னு வாய் சொல்லிருச்சு. நான் சொல்லல, வாய் சொல்லிருச்சு. ஸ்கோர் எழுதற மேசைக்கிட்ட போயி நிக்கறேன், அங்கருந்து பார்த்தா ஜெனோவா அவ டீம் ஏழாம் நம்பரைக் கூப்பிட்டுத் தோள்ல கை போட்டு காதுல ஏதோ சொல்றா. போச்சு. சொல்லிட்டா. "பெல்ட்ட நம்பாத, அடுத்த பக்கம் போ"ன்னுட்டா. நானா இருந்தாலும் சொல்லுவேன், அவ வேலை அது. உள்ள போறேன். ஏழாம் நம்பர் பந்த உருட்டிக்கிட்டு வருது, குட்டி மூஞ்சி, ஒத்த ஜடை, என் காலையே பார்க்குது. வா. எந்தப் பக்கம் வாற. வந்துச்சு, பெல்ட் பக்கம்! வலது கால ஊன்றி ஒரே எட்டு, வழிய மறிச்சுட்டேன், பந்து என் கையில மோதித் தெறிச்சுது, கேலரியில விசிலு. அடுத்த தடவையும் பெல்ட் பக்கம், அதையும் நிறுத்திட்டேன். அவளுக்கு ஞாபகம் இல்ல! ஜெனோவாவுக்கு ஞாபகமே இல்ல, ரெண்டு பிள்ளை பெத்து, இட்லிக்கு மாவாட்டி, மறந்தே போயிட்டா! இந்தப் பக்கம் வந்து வளையத்துக்குக் கீழ நின்னு, வந்த பாஸை வாங்கி, குதிக்காமலே கைய மட்டும் நீட்டிப் போட்டேன், ரெண்டு புள்ளி. ஏழு பின்னால. சார் துண்டைத் தூக்கி ஆட்டுறார். நான் ஆடறேன்ல. இன்னும் ஆடறேன்ல. லிஸ்ட்ல எழுதுங்க சார், அந்தப் பேப்பர எடுத்து இப்பவே எழுதுங்க.

அடுத்த தடவை அந்தப் பிள்ளை தடுமாறி, பந்து கைமாறி, வேற வழி இல்லாம இடது பக்கமா வந்துருச்சு. அவ்வளவுதான். கால ஊன்றச் சொன்னேன், அது ஊன்றல. முட்டிக்குள்ள சுரீர்னு ஒன்னு ஏறுச்சு, நான் நின்ன எடத்துலயே நின்னேன், அந்தப் பிள்ளை என்னைத் தாண்டி நடந்து போயி பந்தப் போட்டுட்டு வருது. திரும்பி ஓடும்போது என்னைப் பார்த்துச்சு. என் மூஞ்சிய இல்ல, இடது கால. கெட்டிக்காரப் பிள்ளை, புரிஞ்சு போச்சு அதுக்கு. அடுத்து பந்தோட வரும்போதே நேரா அந்தப் பக்கம்தான் உடம்பச் சாய்க்குது, அப்பதான் பெஞ்சிலருந்து அந்தக் கத்து. "பெல்ட் சைடு! பெல்ட் சைடு போ!" ஜெனோவா. பிள்ளை திரும்பிப் பார்த்து, இந்தப் பக்கம் தொறந்து கெடக்குன்னு கையக் காட்டுது. "வேண்டாம்! சொன்னதச் செய்யி! பெல்ட் சைடு!" கைய அப்படி வேகமா வீசுறா. வீசிட்டுக் குனிஞ்சு தண்ணி பாட்டிலை எடுக்கறா. என்னைப் பார்க்கல. அந்தப் பக்கம் பார்க்கறா, இந்தப் பக்கம் பார்க்கறா, ஸ்கோர் போர்டைப் பார்க்கறா, என்னை மட்டும் பார்க்கல. எனக்கு உள்ளங்கால்லருந்து சூடு ஏறுச்சு. காதுல சொன்னது இதுதான். பார்த்திருக்கா. கை குடுக்கும்போதே பார்த்துட்டா, பெல்ட்டையும் பார்த்தா, இந்த முட்டியையும் பார்த்தா, எல்லாம் ஞாபகம் இருக்கு அவளுக்கு, ஞாபகம் இருக்கறதுனாலதான் அந்தப் பிள்ளைய நல்ல கால் பக்கமா அனுப்பிக்கிட்டே இருக்கா. எனக்கு விட்டுக் குடுக்கறா. நான் நிறுத்துன ரெண்டும் நான் நிறுத்துனது இல்ல, அவ குடுத்தது. அடப் பாவி. நீ அடிச்சிருக்கலாம்ட்டி. கால ஒடச்சிருந்தாக்கூட நான் பிளேயராவே விழுந்திருப்பேன். எதிர் டீம் கோச்சு பாவம் பார்த்து ஆள் அனுப்பற அளவுக்கு வந்துட்டேனா. இருபத்துமூணு வருஷத்துல என்னை யாரும் இப்படி அடிச்சதில்ல. கோவமா வருது, ஓடிப் போயி அவளப் பிடிச்சு உலுக்கணும் போல இருக்கு, அவ தோள்லயே விழுந்து அழணும் போலயும் இருக்கு. சனியன், இவ்வளவு பிரியமா இருந்தா ரெண்டாவது பிள்ளைக்கு நான் வரலைன்னு ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா.

பந்து வெளிய போச்சு, விசில். நேரம் ஒரு நிமிஷம் நாப்பது. என் ரெண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால உருளுது, ஒன்னைச் சுத்தி ஒன்னு, ஆளை மாத்துங்கன்னு. சாருக்குப் புரியல. நான் அதைச் செஞ்சு அவர் பார்த்ததே இல்ல, நானே நான் செஞ்சு பார்த்ததில்ல. "யாரை மாத்தணும்? யாரை?"ன்னு கத்துறார். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டுனேன். "என்னை சார். என்னை எடுத்துருங்க." "ஏழுலருந்து ஒன்பதுதானே ஆச்சு, நல்லாத்தானே ஆடற"ங்கறார். "நான் ஆடல சார்"னேன். கோட்டைத் தாண்டும்போது நொண்டுனேன், மறைக்காம, நல்லா நொண்டுனேன், மூணு மாசமா அடக்கி வச்ச அத்தனையும் சேர்த்து. அப்பா, நொண்டுறதுல இவ்வளவு சொகமா. கேலரியில கை தட்டுறாங்க, எதுக்குத் தட்டுறாங்களோ. தாட்சாயணி ஐஸ் பையத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து, "அக்கா உக்காருங்க, உக்காருங்க, நான் பார்த்துக்கறேன்"னு மண்டி போட்டு, பழக்கத்துல வலது முட்டி பெல்ட்டக் கழட்ட ஆரம்பிச்சுது. சார் மேல நின்னு குனிஞ்சு அந்த முட்டியத்தான் பார்க்கறார். நான் அந்தப் பிள்ளையோட சில்லுன்னு இருந்த கையப் பிடிச்சு எடுத்து, மத்த முட்டியில வச்சேன்.

"இதும்மா"ன்னேன். "ஜூன் மாசத்துலருந்து இதுதான்."